ஊமைத்துரையும் என் மாமாவும்: ‘டம்ப்’ என்ற ஒரு சொல்லின் கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஒரு ஸ்பெல்லிங் குழப்பத்துல இருந்து ஆரம்பிக்குது. குழம்பினது நான்தான்.

நான் வளர்ந்தது கொடுங்கையூர்ல. பேரைச் சொன்னதும் எதிர்ல இருக்கிறவங்க கேக்குற முதல் கேள்வி, “டம்ப் யார்டு இருக்கே, அங்கயா?” ஆமாம், அங்கதான். வடசென்னையோட குப்பை பல பத்து வருஷமா வந்து விழற இடம். காத்து இந்தப் பக்கம் திரும்பினா ஜன்னலைச் சாத்தணும்னு எங்க ஏரியா பசங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். லாரி டிரைவர், டீக்கடைக்காரர், ஆட்டோ அண்ணன் எல்லாருக்கும் அதுக்கு ஒரே பேரு: டம்ப்.

எனக்குப் பத்து வயசு இருக்கும். வீட்டுல ரேஷன் கார்டைத் தேடும்போது பீரோவுல ஒரு பழைய சர்டிபிகேட் கிடைச்சது. என் தாய்மாமனோடது. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ‘டெஃப் அண்ட் டம்ப்’. டெஃப் புரிஞ்சது, மாமாவுக்குக் காது கேக்காது. டம்ப்? கடைசி எழுத்து ‘பி’யா இருந்தாலும் ‘பீ’யா இருந்தாலும் தமிழ்ல எல்லாம் ஒரே ‘ப்’தானே. அம்மாகிட்ட ஓடினேன்.

“ஏம்மா, மாமா சர்டிபிகேட்ல ஏன் குப்பைமேடுன்னு போட்டிருக்கு?”

அம்மா பேப்பரை வாங்கிப் பாத்தாங்க. “குப்பைமேடு இல்லடா. ஊமைன்னு அர்த்தம்.”

“மாமா எங்கம்மா ஊமை? எப்பப் பாரு பேசிட்டேதானே இருக்காரு?”

நிஜமாவே அப்படித்தான் இருந்தது. வியாசர்பாடி பக்கம் ஒரு லேத் பட்டறையில மாமா வேலை பார்த்தார். மெஷின் மேல உள்ளங்கையை வெச்சே பேரிங் போச்சா இல்லையான்னு சொல்லிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, அன்னைக்கு முதலாளி யாரைத் திட்டினார், எந்த பஸ்ல யார் சண்டை போட்டாங்க, எல்லாத்தையும் கையாலயும் முகத்தாலயும் நடிச்சுக் காட்டுவார். ஆயா சிரிச்சு சிரிச்சுப் புரையேறும். எங்க வீட்டுல ரொம்பப் பேசுற ஆள் அவர்தான். ஆனா பேப்பர்ல அவர் ‘டம்ப்’.

மூலக்கடையில ஒரு லாரி

அடுத்த வருஷம் ஒரு விஷயம் நடந்தது. எங்க தெருவுல சைக்கிள்ல இட்லி மாவு போடுற அண்ணன் ஒருத்தர் இருந்தார். மூலக்கடை பக்கம் ஒரு விடியக்காலையில, ஒரு கன்டெய்னர் ட்ரெய்லர் திரும்பும்போது அவரை இடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சு. உயிர் தப்பிச்சது. கால் போச்சு, எலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருந்தது. வேலைக்குப் போய்க்கிட்டிருந்த மாமா அதைப் பார்த்தார். வண்டி நம்பரையும் பார்த்தார்.

மாமா வேலைக்குப் போகாம நேரா வீட்டுக்கு ஓடி வந்தார். விரல்ல நம்பரைக் காட்டினார், நான் என் கணக்கு நோட்டுல எழுதினேன். தரையில தீப்பெட்டியை வெச்சு, குச்சியை வெச்சு, வண்டி எப்படித் திரும்பிச்சு, சைக்கிள் எந்தப் பக்கம் இருந்ததுன்னு காட்டினார். அம்மா என்னையும் அவரையும் காவல் நிலையத்துக்கு அனுப்பினாங்க. அங்க எழுதிக்கிட்டிருந்தவர் மாமாவைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். “யாரு பார்த்தது? இவரா? தம்பி, ஊமை சாட்சியெல்லாம் கோர்ட்ல நிக்காது. கூட்டிட்டுப் போ.”

நோட்டுப் பேப்பரை அவர் வாங்கவும் இல்லை. அடையாளம் தெரியாத வாகனம்னு கேஸ் முடிஞ்சது. மாவு அண்ணன் ஆறு மாசம் வீட்டுல கிடந்தார்.

திரும்பி நடந்து வரும்போது மாமா என் தோளைத் தட்டி, “என்ன சொன்னார்?”னு கேட்டார். எனக்கு அவரோட கைபாஷையில எல்லாம் சொல்ல வரும். அன்னைக்கு மட்டும் சொல்ல வரலை.

அந்த ஒரு சொல் எங்க இருந்து வந்தது, அது என்னவெல்லாம் பண்ணியிருக்குன்னு தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

வாயில்லாத மணி, என்ஜின் இல்லாத படகு

முதல்ல இங்கிலீஷ். ‘டம்ப்’ ரொம்பப் பழைய ஜெர்மானியச் சொல். பழைய ஆங்கிலத்துலயும், பழைய நார்ஸ் மொழியிலயும், காத்திக் மொழியிலயும் இதுக்கு ‘பேச்சு வராத’ங்கிற அர்த்தம்தான். அந்தக் காலத்துல கடைசி ‘பி’யையும் உச்சரிச்சிருக்காங்க. அப்புறம் அது தேஞ்சு போச்சு. பேச்சு வராததைக் குறிக்கிற சொல்லுக்குள்ளயே ஒரு எழுத்து பேசாம உக்காந்திருக்கு.

இந்தச் சொல் மனுஷங்களோட நிக்கலை, பொருள்களுக்கும் போச்சு. ஜிம்ல தூக்குற டம்பெல் இருக்குல்ல? சர்ச் மணியை அடிக்கக் கயிறை இழுப்பாங்களே, அந்த மாதிரி இழுத்து உடற்பயிற்சி செய்ய மணியே இல்லாத ஒரு அமைப்பு இருந்தது. சத்தம் வராத மணி, அதனால டம்பெல். பேரு பின்னாடி இரும்புக் குண்டுக்கு வந்தது. நீங்க காலேஜ்ல விளையாடின டம் ஷராட்ஸும் இதே சொல்தான்.

எங்க பக்கத்துல துறைமுக வேலை பார்க்கிறவங்ககிட்ட கேட்டா இன்னொண்ணு சொல்லுவாங்க: ‘டம்ப் பார்ஜ்’. சொந்தமா என்ஜின் இல்லாத சரக்குப் படகு. இன்னொரு படகு இழுத்தாத்தான் நகரும். இங்க அர்த்தம் நகர்ந்துடுச்சு, கவனிங்க. சத்தம் இல்லாததுன்னு ஆரம்பிச்ச சொல், தானா எதுவும் செய்ய முடியாததுன்னு வந்து நிக்குது.

அடுத்த படிதான் ‘முட்டாள்’. ஜெர்மன்ல இதுக்குச் சொந்தக்காரச் சொல்லான ‘டும்’முக்கு மந்தபுத்தின்னு அர்த்தம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல ஜெர்மன் பேசுறவங்க நிறையக் குடியேறினப்போ, இங்கிலீஷ் ‘டம்ப்’புக்கும் அந்த அர்த்தம் அழுத்தமா ஒட்டிக்கிச்சு. ஆனா எல்லாப் பழியையும் ஜெர்மன்காரங்க தலையில கட்ட முடியாது. பிறவியிலேயே காது கேக்காத, பேசாத ஒருத்தரைப் புத்தியில்லாதவரா அனுமானிக்கிற வழக்கம் பழைய ஆங்கிலச் சட்டத்துலயே இருந்தது. பேச்சு வரலைன்னா உள்ள ஒண்ணும் இல்லைங்கிறதுதான் அந்தச் சட்டத்தோட கணக்கு.

தமிழ் ஊமைக்குள்ள என்ன இருக்கு?

இப்ப நம்ம ‘ஊமை’க்கு வருவோம். ஊமைக் காயம்னா என்ன? வெளியில ரத்தம் தெரியாது, உள்ள அடி பலமா இருக்கும். ஊமைக் குத்தும் அப்படித்தான். ஊமை வெயில்? மேகம் மூடியிருக்கும், சூரியனே தெரியாது, ஆனா உடம்பு வெந்து போகும். ஊமைக் குசும்பு? அது உங்க ஃபிரண்ட்ஸ் குரூப்புல ஒருத்தர்கிட்ட கண்டிப்பா இருக்கும்.

இந்த எல்லாப் பிரயோகத்துலயும் ஒரு விஷயம் பொதுவா இருக்கு. உள்ள ஏதோ பலமா இருக்கு, வெளிய தெரியலை, அவ்வளவுதான். இங்கிலீஷ் ‘டம்ப்’ உள்ள காலின்னு நினைக்குது. தமிழ் ‘ஊமை’ உள்ள என்னமோ இருக்குன்னு சந்தேகப்படுது.

உடனே ‘பார்த்தியா, தமிழ் எவ்வளவு உசத்தி’ன்னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. ஒருத்தரைப் பார்த்து ‘டேய் ஊமை’ன்னு கூப்பிடுற ஊரும் இதுதான். மாமாவைத் திருப்பி அனுப்பினவர் சொன்னதும் தமிழ்ச் சொல்தான். ரெண்டு மொழியுமே அந்த ஆள் என்ன சொல்றார்னு கேக்கிறதுக்கு முன்னாடி ஒரு முடிவுக்கு வந்துடுது.

இந்த ரெண்டு சொல்லும் ஒரே மனுஷன் மேல வந்து உக்காந்த ஒரு சம்பவம் நம்ம வரலாற்றுல இருக்கு. அவர் பேரு உங்க எல்லாருக்கும் தெரியும்.

டம்பி, மூக்கா, ஊமை

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பியைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். இயற்பெயர் குமாரசாமி. நமக்கு அவர் ஊமைத்துரை.

அவரை எதிர்த்துச் சண்டை போட்ட கம்பெனி அதிகாரிகளில் ஒருவர் ஜேம்ஸ் வெல்ஷ். பின்னாளில் கர்னல் ஆனவர். 1830-ல் லண்டனில் வெளியான அவருடைய ராணுவ நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையைப் பற்றிய பக்கங்கள் இருக்கின்றன. அவருக்கு மூன்று பெயர்கள் வழங்கியதாக வெல்ஷ் சொல்கிறார். ஆங்கிலேயர்கள் கூப்பிட்டது ‘டம்பி’. முஸ்லிம்கள் கூப்பிட்டது ‘மூக்கா’. இந்துக்கள் கூப்பிட்டது ‘ஊமை’. மூன்றுக்கும் ஒரே அர்த்தம்.

கட்டபொம்மனோட தம்பிக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரு டம்பி. இதைப் படிச்சப்போ நான் ஒரு நிமிஷம் சிரிச்சுட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, மூணு கூட்டமும் தன் தன் மொழியில பேரு வெச்சிருக்கு, மூணு பேருமே அவருக்கு எது வராதோ அதைத்தான் சொல்லுது.

அவருக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது என்பது வெல்ஷ் தரும் சித்திரம். நம் பக்கத்து வழக்கில் அவர் திக்கிப் பேசுபவர், அதிகம் பேசாதவர் என்றும் சொல்வார்கள். எப்படியானாலும், வாயால் கட்டளை போட்டுப் படை நடத்தியவர் இல்லை.

ஆனால் அவர் நடத்திய படை என்ன செய்தது என்று பாருங்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி மாலை, வெள்ளை அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்தில் இருந்த நேரத்தில், ஊமைத்துரையும் கூட இருந்தவர்களும் சிறையிலிருந்து தப்பினார்கள். ஏறக்குறைய 30 மைல் தூரத்தை ஒரே இரவில் கடந்து பாஞ்சாலங்குறிச்சி போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கோட்டை இல்லை. 1799-லேயே அதை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். ஒரு வாரத்தில் மெக்காலே படையோடு வந்து பார்க்கிறார், மண் கோட்டை திரும்ப எழுந்து நிற்கிறது. கையில் இருந்த படை போதாது என்று கம்பெனி பின்வாங்கியது. மார்ச் 31-ஆம் தேதி பீரங்கிகளோடு வந்து தாக்கினார்கள். அந்தத் தாக்குதலும் பலத்த இழப்போடு தோற்றது. மே மாதம் கர்னல் ஆக்னியூ தலைமையில் புதுப் படையும் பெரிய பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகுதான், மே 24-ஆம் தேதி கோட்டை விழுந்தது.

பிப்ரவரியில் இருந்து மே வரை அந்த மண் கோட்டை தாங்கியது. இதை ஒருத்தர் பேசாம நடத்தினார்னா எப்படி நடத்தினார்?

உள்ளங்கையில் வைக்கோல்

இதுக்குப் பதிலும் வெல்ஷ்கிட்டதான் இருக்கு. இந்த எபிசோடைப் பண்ணணும்னு எனக்குத் தோணினதே இந்த இடத்துலதான்.

ஊமைத்துரை சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி எடுப்பாராம். அவற்றை இடது உள்ளங்கையில் வரிசையாக அடுக்குவார். அதுதான் ஆங்கிலேயப் படை. எப்போது தாக்க வேண்டும் என்பது போன்ற விவரங்களுக்கு வேறு சைகைகள். பிறகு வலது கையால் அந்த வைக்கோலை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளுவார், வாயால் ‘விஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் எழுப்புவார். அதுதான் தாக்குவதற்கான உத்தரவு. அந்தத் தாக்குதலில் பெரும்பாலும் முதல் ஆளாகப் போகிறவரும் அவர்தான். அவர் இல்லாமல் ஆலோசனைக் கூட்டம் கிடையாது. அவருடைய சின்னச் சைகையும் அந்த மக்களுக்குத் தெய்வ வாக்கு மாதிரி இருந்தது.

இது மொத்தமும் ஒரு எதிரி எழுதினது. நம்மாளு பெருமைக்கு அடிச்சு விட்டதில்லை.

நான் மைக்கை ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். என் கண்ணு முன்னாடி வந்தது எங்க வீட்டுத் தரை, தீப்பெட்டி, குச்சி.

ஒரு விஷயத்தை யோசிங்க. உள்ளங்கையில நாலு வைக்கோல் வெச்சா அது தானா உத்தரவு ஆகிடாது. எதிர்ல இருக்கிறவனுக்கு வைக்கோல்னா வெள்ளைக்காரன்னு தெரியணும். இந்தச் சைகைன்னா ராத்திரி, இந்தச் சைகைன்னா விடியக்காலைன்னு தெரியணும். பாஞ்சாலங்குறிச்சியில அது தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்க. ஒரு கோட்டையே சேர்ந்து ஒரு ஆளோட பாஷையைக் கத்துக்கிட்டு இருந்திருக்கு. மொழி ஆய்வாளர்கள் இதை ‘வீட்டுச் சைகை’ன்னு சொல்றாங்க. காது கேளாத ஒருத்தர் இருக்கிற வீட்டுல, யாரும் பாடம் எடுக்காமலே அவரும் சுத்தி இருக்கிறவங்களும் சேர்ந்து உருவாக்கிக்கிற சைகைகள். எங்க வீட்டுல இருந்ததும் அதுதான்.

இதையெல்லாம் இவ்வளவு துல்லியமா எழுதின வெல்ஷ், காரணம் சொல்ல வரும்போது மட்டும் சறுக்கிடுறார். ஊமைத்துரையோட மனவலிமையை அவர் ஒத்துக்கிறார். அசாதாரணமான மனுஷன்னும் சொல்றார். ஆனா மத்தவங்களுக்குத் தடையா இருந்திருக்கக்கூடிய அந்தக் குறை, மூடநம்பிக்கை பிடிச்ச இந்த மக்கள்கிட்ட இவருக்குச் சாதகமா போச்சுன்னு முடிக்கிறார். வைக்கோல் பாஷையை வரிவரியா விவரிச்சவருக்கு, அது ஒரு பாஷைன்னு தோணவே இல்லை. ‘டம்பி’ங்கிற சொல் கண்ணை மறைச்சிடுச்சுன்னு நினைக்கிறேன்.

‘அம்மா, சாமியைக் காப்பாத்து’

கோட்டை விழுந்த அன்னைக்கு நடந்ததையும் சொல்லணும். தப்பிப் போகும்போது ஊமைத்துரைக்குப் பலத்த காயம். கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமத்துப் பக்கம், செத்தவர்கள் நடுவில் விழுந்து கிடக்கிறார். மகனைத் தேடி ஒரு தாய் சில பெண்களோடு அங்கே வருகிறாள். மகனுக்கு உயிர் இருக்கிறது. தூக்கப் போகிறாள். மகன் தடுக்கிறான். என்னை விட்டுவிடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான். அந்தப் பெண்கள் ஊமைத்துரையை வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள்.

தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வருகிறார்கள். எட்டயபுரம் அப்போது கம்பெனி பக்கம். பெண்கள் அவர் மேல் துணியைப் போட்டு மூடி, ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை வார்த்துச் செத்த பிணம் என்கிறார்கள். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டார்கள்.

இந்தக் கதையையும் வெல்ஷ்தான் சொல்றார். அந்த மகன் அவரை ‘ஊமை’ன்னு சொல்லலை, ‘சாமி’ன்னு சொன்னான். குமாரசாமியோட சாமியா, கும்பிடுற சாமியா, நீங்களே எடுத்துக்கோங்க.

குணமான பிறகு ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். 1801 அக்டோபர் 1-ஆம் தேதி காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24-ல் மருதுபாண்டியர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16-ஆம் தேதி ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியில், அவர் எழுப்பிய கோட்டை இருந்த இடத்திலேயே தூக்கிலிட்டார்கள்.

கையைக் கட்டிப் போட்ட நூற்றாண்டு

இதுக்கப்புறம் கிட்டத்தட்ட நூறு வருஷம் தாவுறேன். ஆனா ஊர் மாறலை. ஊமைத்துரை சிறையில் இருந்த அதே பாளையங்கோட்டையில், 1890-களில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இந்தியாவின் பழமையான காது கேளாதோர் பள்ளிகளில் ஒன்று அது. இன்றைக்கும் அவர் பெயரில் நடக்கிறது.

பாஞ்சாலங்குறிச்சி ஆட்களுக்குத் தெரிஞ்சிருந்த ஒரு விஷயத்தை அந்தச் சமயத்துல உலகம் மறந்துகிட்டு இருந்தது. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. சைகை வேண்டாம், வாயால் பேசத்தான் பழக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பல நாடுகளின் பள்ளிகளில் சைகைமொழி தடை செய்யப்பட்டது. கையை அசைத்தால் அடி விழுந்த வகுப்பறைகள் உண்டு.

இங்க ஒரு அடிப்படை விஷயம். காது கேளாதவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தொண்டையில எந்தக் கோளாறும் இல்லை. குழந்தை பேச்சைக் கேட்டுத்தான் பேசக் கத்துக்குது, கேக்கலைன்னா வாய்ப்பேச்சு தானா வராது. குரல் இருக்கும். எங்க மாமா சிரிச்சா நாலு வீடு தள்ளிக் கேக்கும். மூளை மொழிக்குத் தயாரா காத்துக்கிட்டுதான் இருக்கும். சத்தமா வந்தாலும் சரி, கையா வந்தாலும் சரி, அது எடுத்துக்கும்.

இந்தியச் சைகைமொழிக்குன்னு ஒரு தேசிய ஆய்வு, பயிற்சி மையம் டெல்லியில வந்தது 2015-ல். அவங்களோட முதல் அகராதி 2018-ல், 3,000 சொற்களோட வெளியானது. தமிழ்நாட்டுல, கருணாநிதி முதல்வரா இருந்தப்போ ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ங்கிற சொல் அரசாணைகளுக்குள்ள வந்தது. மாமாவோட புது அடையாள அட்டையில ‘டம்ப்’ இல்லை.

119-வது பிரிவு

இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது தற்செயலா 1872-ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம் கண்ணுல பட்டது. 119-வது பிரிவு. அதுக்குத் தலைப்பே ‘டம்ப்’ சாட்சிகள்னுதான் இருந்தது. தலைப்பைப் பார்த்து எனக்குக் கோபம். உள்ள படிச்சேன்.

பேச முடியாத சாட்சி, எழுதியோ சைகை காட்டியோ, புரியும்படியான வேறு எந்த விதத்திலும் சாட்சியம் சொல்லலாம். நீதிமன்றத்தில் எல்லார் முன்னாலும் அதைச் செய்ய வேண்டும். அப்படிச் சொன்னது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும்.

1872-லயே இது சட்டம். கை காட்டினாலும் அது வாய்மொழிதான்னு வெள்ளைக்காரன் எழுதின சட்டமே சொல்லிடுச்சு. 2012-ல ராஜஸ்தானில் இருந்து வந்த தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. காது கேளாத, பேசாத ஒருவரைப் புத்தியில்லாதவராகப் பார்த்த பழைய பார்வை எப்போதோ காலாவதியாகிவிட்டது, அவர் தகுதியான சாட்சிதான் என்றது. 2013-ல் குற்றவியல் சட்டத் திருத்தம் வந்தபோது, 119-வது பிரிவின் தலைப்பில் இருந்த ‘டம்ப்’ போனது. வாயால் தெரிவிக்க இயலாத சாட்சி என்று மாறியது. தேவைப்பட்டால் சைகை தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டும், சாட்சியத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இது இருக்கிறது.

அப்போ, நானும் மாமாவும் அந்தக் காவல் நிலையத்துல நின்ன அன்னைக்குச் சட்டம் எங்க பக்கம்தான் இருந்தது. எழுதிக்கிட்டிருந்தவர் பொய் சொன்னாரா, தெரியாம சொன்னாரா, எனக்குத் தெரியாது. தெரியாமதான் சொல்லியிருப்பார்னு நினைக்கிறேன். ‘ஊமை சாட்சி’ன்னதும் அதுக்கு மேல கேக்க ஒண்ணும் இல்லைன்னு அவருக்குத் தோணியிருக்கு. அங்க தேவைப்பட்டதெல்லாம் ஒரு பேப்பர், ஒரு பேனா, மாமாவைப் பார்த்து ஒரு கேள்வி. நம்பர் எழுத மாமாவுக்கே தெரியும். நான்கூடத் தேவையில்லை.

பேச்சு இல்லாத ஆள்னு ஒருத்தரை நாம சொல்லும்போது, பாதி நேரம் நம்மளோட குறையைத்தான் அவர் மேல ஏத்திச் சொல்றோம். பாஞ்சாலங்குறிச்சிக்கு ஒரு பாஷை தெரிஞ்சிருந்தது, அதனால அங்க அவர் தளபதி. கம்பெனிக்கு அது தெரியலை, அதனால அங்க அவர் டம்பி. ஆள் ஒருத்தர்தான்.

மாமா கேட்ட கேள்வி

போன வாரம் கொடுங்கையூர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு இப்ப அறுபது தாண்டிடுச்சு, பட்டறையை விட்டாச்சு. அவருக்கு இந்த முழுக் கதையையும் சொன்னேன். கட்டபொம்மனுக்கு மீசையை முறுக்கினா போதும், அவருக்குப் புரியும், சிவாஜி படம் அவர் பத்துத் தடவையாவது பார்த்திருப்பார். ஜெயில், கோட்டை, பீரங்கி எல்லாம் சொன்னேன். வைக்கோலுக்குத் துடைப்பத்துல இருந்து நாலு ஈர்க்குச்சி உடைச்சு உள்ளங்கையில வெச்சு, ‘விஸ்ஸ்’னு தள்ளிக் காட்டினேன்.

மாமா சிரிக்கலை. குச்சியைத் திரும்பப் பொறுக்கி என் கையில வெச்சு, இன்னொரு தடவை பண்ணச் சொன்னார். பண்ணினேன். அப்புறம் அவரே ஒரு தடவை பண்ணிப் பார்த்தார். என்னைவிட நல்லா பண்ணினார்.

119-வது பிரிவையும் சொன்னேன். இருபது வருஷம் கழிச்சு, அந்தப் போலீஸ் என்ன சொன்னார்னும் சொன்னேன். ‘அப்பவே தெரியும்’ங்கிற மாதிரி கையை வீசினார். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சிருச்சாம்.

அப்புறம் ஒண்ணு கேட்டார். எங்க வீட்டுல எல்லாருக்கும் சைகைப் பேர் இருக்கு. அம்மாவுக்கு மூக்குத்தி, ஆயாவுக்கு வெத்தலை இடிக்கிற மாதிரி, எனக்குக் காதைப் பிடிச்சு இழுத்தா போதும், சின்ன வயசுல எனக்குக் காது மட்டும்தான் பெருசா இருந்ததாம். அவர் கேட்டது: கட்டபொம்மனை அவர் தம்பி எப்படிக் கூப்பிடுவார்? மீசையா?

டம்பி, மூக்கா, ஊமைன்னு அவருக்கு ஊர் வெச்ச பேரெல்லாம் புத்தகத்துல இருக்கு. அவர் தன் அண்ணனுக்கு வெச்ச பேரை யாரும் எழுதி வைக்கலை. வெல்ஷுக்கு அது ஒரு கேள்வியாவே தோணியிருக்காது. எனக்கும் தோணலை. மாமாவுக்குத்தான் தோணிச்சு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். உங்க வீட்டுல, தெருவுல இப்படி ஒருத்தர் இருந்தா, அவரோட கைபாஷையில உங்க பேர் என்னன்னு இந்த வாரம் கேட்டுப் பாருங்க.